பல்லவிக்கு முன்னால் ஓர் உருட்டு

கேரளத்தின் மறையூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அங்கே வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் பகலெல்லாம் பாட்டு ஓடிக்கொண்டிருக்குமாம். சரணம் முடிந்து பல்லவி திரும்பும் இடத்தில் டிரம்ஸ்காரர் 'டுகுடுகுடுகும்' என்று ஓர் உருட்டு உருட்டுகிறாரே, அந்த ஓர் இடத்துக்காகவே பாட்டை மறுபடி போடச் சொல்கிறவர்கள் உண்டாம். கோயில் நோன்பில் உறுமி அடிப்பவரும் ஆட்டம் மாறுவதற்குச் சற்று முன் இதைப் போலவே ஒன்று செய்கிறார், இரண்டும் ஒரே சங்கதிதானா என்று கேட்டிருக்கிறார்.

ஒரே சங்கதிதான். மெல்லிசைக் குழுக்களில் இதை ரோல் என்பார்கள். டிரம்ஸ் படித்தவர்கள் ஃபில் என்பார்கள். பாட்டு முழுக்க ஓடும் நடையை ஒரு சுற்றுக்கு மட்டும் கலைத்துவிட்டு, கை ஸ்நேர் என்ற சிறு டிரம்மிலிருந்து டாம் என்ற ஆழ்ந்த ஒலி டிரம்களுக்கு இறங்கி, அடுத்த சுற்றின் முதல் அடியில் கிராஷ் சிம்பல் என்ற உலோகத் தட்டும் பேஸ் டிரம்மும் சேர்ந்து விழுவது. மூணாறிலிருந்து மறையூருக்கு இறங்கும் பேருந்து ஓட்டுநர் வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றுவதில்லை. வளைவு தெரிந்ததுமே மாற்றிவிடுகிறார். நல்ல ரோலும் அப்படித்தான். திருப்பம் வரப்போகிறது என்பது கேட்பவரின் உடம்புக்கு முதலில் தெரிந்துவிடுகிறது.

டிரம்ஸ் செட் பழைய வாத்தியம் அல்ல. முன்பு பேஸ் டிரம்முக்கு ஒருவர், ஸ்நேருக்கு ஒருவர், சிம்பலுக்கு ஒருவர் என்று வாசித்ததை, காலால் மிதிக்கும் பெடல் வந்த பிறகு ஒரே ஆள் உட்கார்ந்து வாசிக்க முடிந்தது. அமெரிக்காவில் லட்விக் நிறுவனத்தார் 1909-இல் கொண்டுவந்த பெடல்தான் அதைப் பரவலாக்கியது. கால் தாளத்தைப் பிடித்துக்கொண்டது, கைகளுக்கு விடுதலை. ரோல் பிறந்தது அந்த விடுதலையில்தான்.

இனி, இதில் மிக அழகான கணக்குக்கு வரலாம். சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலானவை நான்கு அடிச் சுற்றில் அமைந்தவை. ஒவ்வோர் அடியையும் நான்காகப் பிரித்தால் ஒரு சுற்றில் பதினாறு துளிகள். டிரம்ஸ்காரருக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். சில விநாடிகள்கூட இருக்காது. இப்போது கச்சேரி மேடைக்குப் போவோம். மிருதங்கமோ தவிலோ தீர்மானம் வைக்கும்போது ஒரு சொல்லை மூன்று முறை வாசித்து முடிப்பது வழக்கம். 'ததிங்கிணதொம்' என்பது ஐந்து துளி: த-திங்-கி-ண-தொம். மூன்று முறை வாசித்தால் பதினைந்து. ஒரு துளியை விட்டுவிட்டு இரண்டாவது துளியில் எடுத்தால், மூன்றாவது 'தொம்' முடிந்ததும் சரியாகச் சமம், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடி, வந்து நிற்கும். பதினாறு! அதாவது தவில்காரரின் தீர்மானம் ஒன்று, துளி மிச்சமில்லாமல், டிரம்ஸ்காரரின் ஒரு சுற்றுக்குள் உட்கார்ந்துவிடுகிறது.

நான்கு நான்காக ஓடிக்கொண்டிருந்த காதில் திடீரென்று ஐந்து ஐந்தாக விழும்போது தாளம் நழுவுவதுபோல ஒரு பதற்றம் வருகிறது. இரண்டாவது 'ததிங்கிணதொம்' எங்கே முடியும் என்று காது தவிக்கும். மூன்றாவது முடிந்து முதல் அடி விழுந்ததும் அந்தப் பதற்றம் தீர்ந்து உடம்பு தானாகத் தலையாட்டுகிறது. உலகத்து டிரம்ஸ்காரர்களும் மூன்று மூன்றாகவும் ஐந்து ஐந்தாகவும் அடித்துக் கடைசியில் கணக்கைச் சரிக்கட்டுவார்கள். நம் பக்கத்தில் இது கோயில் வாசலிலேயே கிடைக்கிறது. மறையூர்ப் பகுதியின் மலைப்புலையர் பழங்குடியினரின் ஆட்டத்தில் ஒலிக்கும் உறுமியும் தாளில் எழுதிய பாடமில்லாமல் காதுவழியே வந்த வித்தைதான். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறும வைத்துக்கொண்டே மறுமுகத்தை அடிக்கும் அந்தக் கைக்கு, ஆட்டக்காரரின் கால் எந்த நொடியில் திரும்பும் என்பது தெரியும்.

கணக்கு எல்லாருக்கும் பொது. ஆனால் கை பொது அல்ல. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் இடக்கைக்காரர். வாசித்ததோ வலக்கைக்காரர்களுக்காக அடுக்கிய செட்டில். ஸ்நேரில் தொடங்கி வலப்பக்கத்து ஃப்ளோர் டாம் வரை இறங்கும் வழக்கமான உருட்டு அவருக்கு எளிதாக வராது. இடக்கை முந்தும், நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் அவருடைய அடையாளம். இன்று அதை வாசிக்க முயலும் வலக்கைக்காரர்கள்தான் திணறுகிறார்கள். இன்னொரு பக்கம், பிரிட்டனின் ஃபில் காலின்ஸ் 1981-இல் வெளியிட்ட 'இன் தி ஏர் டுநைட்' பாட்டில் மூன்றரை நிமிடத்துக்கும் மேல் தாளப்பெட்டியின் மெல்லிய தட்டலை மட்டும் ஓடவிட்டு, அதன் பிறகே டாம்களில் இறங்குவார். அந்த உருட்டு கடினமானது அல்ல. அதற்கு முந்தைய பொறுமைதான் கடினம்.

சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் இந்தப் பொறுமைக்கு வேறொரு விலை இருந்தது. பல தடங்களில் தனித்தனியாகப் பதியும் வசதி பரவுவதற்கு முன், வயலின்கள், புல்லாங்குழல், தபேலா, கிடார், பாடகர் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். நான்காவது நிமிடத்தில் டிரம்ஸ்காரர் கை தவறினால் கூடம் முழுவதும் முதலிலிருந்து தொடங்கும். அப்படி ஒரு நெருக்கடியில் துணிந்து அடித்த ரோல்களைத்தான் நாம் இன்று காது குளிரக் கேட்கிறோம். எம்.எஸ்.விஸ்வநாதனின் 'எங்கேயும் எப்போதும்' (நினைத்தாலே இனிக்கும், 1979), இளையராஜாவின் 'இளமை இதோ இதோ' (சகலகலா வல்லவன், 1982) இரண்டையும் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். பாடகரின் குரலை விட்டுவிட்டு, பல்லவி திரும்பும் இடங்களை மட்டும் பின்தொடருங்கள்.

இவற்றுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். சென்னையில் பலருக்கு வழிகாட்டிய நோயல் கிராண்ட். அவரைத் தம் முன்னோடியாகச் சொல்லும் சிவமணி. இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்து, இசை நடத்துநராகவும் இருந்த புருஷோத்தமன் 2020-இல் மறைந்தார். அவர் வாசித்த பாட்டுகளை முணுமுணுக்கத் தெரிந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இசைத்தட்டு உறையிலும் கேசட் அட்டையிலும் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்கள் இருந்தன. வாசித்தவர்கள் பெயருக்கு இடமில்லை.

பெயர் இல்லாமல் போவதன் விலையைச் சொல்ல ஒரு கதை போதும். 1969-இல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற அமெரிக்கக் குழு வெளியிட்ட இசைத்தட்டின் பின்பக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்றொரு பாட்டு. நடுவில் மற்ற வாத்தியங்கள் நின்றுவிட, கிரெகரி கோல்மன் நான்கு சுற்று தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். ஏறக்குறைய ஏழு விநாடிதான். அந்தத் துண்டை வெட்டி ஒட்டி, வேகம் கூட்டி, ஆயிரக்கணக்கான பாட்டுகள் செய்தார்கள். அதன் மேலேயே ஒரு நடன இசை வகை வளர்ந்தது. கோல்மனுக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை. 2006-இல் அவர் வீடற்றவராக இறந்தார். 2015-இல் பிரிட்டனில் ரசிகர்கள் 24,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தது குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு. வாசித்த கைக்கு அதுவும் போய்ச் சேரவில்லை.

இந்தியாவில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, நிகழ்த்துகலைஞர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்றார்கள். அந்த வரையறையில் இசைக்கலைஞரும் வருகிறார். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை. ஒரு திரைப்படத்தில் சிறு அளவில் பங்களித்து, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியலிலும் இடம்பெறாதவர் பெரும்பாலான உரிமைகளுக்கு நிகழ்த்துகலைஞராகக் கருதப்படமாட்டார். பெயர் போடுவது வெறும் மரியாதை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதற்கிடையில் வாசிக்கும் இடமே சுருங்குகிறது. ரோலண்ட் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த ஆக்டபேட் என்ற மின்னணுத் தாளப் பலகை இன்று நம்மூர் மெல்லிசை மேடைகளில் எங்கும் இருக்கிறது. எடுத்துச் செல்ல எளிது, குற்றம் சொல்வதற்கில்லை. வருத்தம் வேறு. கணினியில் ஒரு சுற்றைச் செய்து அதையே நகலெடுத்து ஒட்டும்போது, முதல் சரணத்தின் ரோலும் இரண்டாம் சரணத்தின் ரோலும் அச்சு அசலாக ஒன்றாகிவிடுகின்றன. பழைய பாட்டுகளில் இரண்டாவது முறை கை கொஞ்சம் வேறு வழியில் இறங்கும். பாடகர் சூடேறியிருப்பது அதில் கேட்கும். ஊர்த் திருவிழாவிலும் உறுமிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை ஒலிபெருக்கி அடுக்குகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். அடிக்க ஆளில்லை என்று பிறகு குறைப்பட்டு என்ன பயன்?

இணையத்தில் பழைய பாட்டுகளை ஏற்றும் நிறுவனங்கள் இன்னும் தாமதிக்கக் கூடாது. அன்று கூடத்தில் வாசித்தவர்களில் பலர் இன்றும் சென்னையில் இருக்கிறார்கள். எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்பது அவர்களுக்கு நினைவிருக்கிறது. போய்க் கேட்டு, பெயர்களைப் பாட்டோடு சேர்த்துப் பதிய வேண்டும். வாசகர்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவர் வாசித்த பாட்டுகளின் பட்டியலை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி இந்த மாதமே எழுதி வையுங்கள்.