டவர் போனாலும் ஊர் பேசலாம்! - மொட்டைமாடிகளை இணைக்கும் 'மெஷ்' நெட்வொர்க்

2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், நாசரேத்தைத் தாண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர்.

தாமிரபரணிக் கரை ஊர்கள் பலவற்றில் முதலில் கரன்ட் போனது. பின்னாலேயே செல்போனும் போனது. டவருக்கும் கரன்ட் வேண்டுமே! பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் டவர் வெறும் இரும்புக் கம்பம்தான். வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு, அம்மா அப்பா மாடியில் இருக்கிறார்களா, முகாமுக்குப் போய்விட்டார்களா என்பதுகூடத் தெரியவில்லை.

அப்படியொரு நாளில் பக்கத்துத் தெருவுடனாவது பேச வழி உண்டா? உண்டு. அதன் பெயர் 'மெஷ் நெட்வொர்க்'.

கை மாறும் செய்தி

நம் வீட்டு வைஃபையில் ஒரே ரூட்டர்தான் ராஜா. அது படுத்தால் எல்லாம் படுத்துவிடும். மெஷ்ஷில் அப்படி இல்லை. பத்து வீட்டு மாடிகளில் பத்து ரூட்டர்கள் இருந்தால், ஒவ்வொன்றும் தன் கண்ணுக்கு எட்டும் அடுத்த ரூட்டரோடு பேசும். தீப்பிடித்த இடத்துக்குக் குடத்தைக் கை மாற்றிக் கொடுப்பதுபோலச் செய்தி நகரும். நடுவில் ஒன்று நின்றுபோனால், வேறு வழி இருக்கும்வரை செய்தி சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்.

2012 அக்டோபரில் 'சாண்டி' புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, ரெட் ஹூக் என்ற கடலோரப் பகுதியில் இது கைகொடுத்தது. அங்கே ஏற்கெனவே சின்னதாக ஒரு மெஷ் இருந்தது. அதில் அமெரிக்கப் பேரிடர் துறை ஒரு சாட்டிலைட் இணைப்பைச் சேர்த்ததும், அந்தப் பகுதி மக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வெளி இணைப்பு அறுந்தால் மெஷ்ஷில் வாட்ஸ்அப் ஓடாது. ஆனால், ஊருக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டரை சர்வராக வைத்திருந்தால், அதன் வழியே செய்தியும் குரலும் போகும். 'எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், யாருக்கு மருந்து வேண்டும்' என்று கேட்க அது போதும்.

தேனி கற்றுக்கொடுத்த பாடம்

இந்தியாவுக்கு இது புதிதல்ல. இமாசலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் 2005 வாக்கிலேயே மலைச்சரிவில் மெஷ் கட்டினார்கள். அங்கே ஆன்டெனாவில் குரங்குகள் தொங்கியதும் ஒரு பிரச்னை!

தமிழ்நாட்டிலும் இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. அதே காலத்தில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களையும், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்ட தூர வைஃபையால் இணைத்தார்கள். கிராமத்து நோயாளி தன் ஊருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, தேனி டாக்டரிடம் வீடியோவில் கண்ணைக் காட்டினார்.

அங்கே அடிக்கடி தொல்லை கொடுத்தது எது தெரியுமா? ரேடியோ சிக்னல் அல்ல, கரன்ட்! திடீரென ஏறி இறங்கும் மின்னழுத்தத்தில் அடாப்டர்கள் கருகின. சட்டென மின்சாரம் நின்றதில் மெமரி கார்டுகள் கெட்டன. வெளிநாட்டு நிபுணர் வரும்வரை காத்திருந்தால் வேலை நடக்காது என்பதால், உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதன் பிறகே நெட்வொர்க் காலூன்றியது.

கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது?

தேனிப் பாடம் எந்த ஊருக்கும் பொருந்தும். மெஷ் அமைப்பவர்கள் இந்த வரிசையில் பார்த்தால் பாதித் தலைவலி குறையும்.

முதலில் கரன்ட். ரூட்டரில் விளக்கு எரிகிறதா, பிளக்கை யாராவது பிடுங்கினார்களா என்று பாருங்கள். ஒவ்வொரு மாடியிலும் பேட்டரியும், முடிந்தால் சோலார் பேனலும் இருக்கட்டும். இடிதாங்கியும் எர்த்திங்கும் கட்டாயம்.

அடுத்து பார்வை. ஒரு ஆன்டெனாவிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரிய வேண்டும். கோடையில் ஓடிய இணைப்பு மழைக்காலத்தில் திணறினால், நடுவில் வளர்ந்திருக்கும் தென்னையைச் சந்தேகப்படுங்கள். நனைந்த ஓலை சிக்னலைக் குடித்துவிடும். காற்றில் ஆன்டெனா திரும்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

மூன்றாவது கனெக்டர். கடலோர உப்புக்காற்றில் அது பச்சை பூத்துவிடும். தண்ணீர் புகாத டேப் சுற்றுவது சில நிமிட வேலைதான்.

நான்காவது வேகம். எல்லா ரூட்டர்களும் ஒரே சேனலில் பேசினால், ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதனால் வெளி இணைப்புக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்று, நான்கு தாவல்களுக்கு மேல் போகாமல் திட்டமிடுவது நல்லது.

மென்பொருளுக்குச் செலவில்லை. 'ஓப்பன்டபிள்யூஆர்டி', 'லிப்ரேமெஷ்' இரண்டும் இலவசம். மெஷ்ஷில் வழி கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருளின் பெயர் 'பேட்மேன்'! ஜெர்மனியின் தன்னார்வலர் குழுவான 'ஃப்ரைஃபுங்க்' உருவாக்கியது அது.

முதலில் ஆள், பிறகு ஆன்டெனா

ரூட்டர் வாங்குவது ஒரு நாள் வேலை. மழை விட்டதும் ஏணியை எடுத்துக்கொண்டு மாடி ஏற, தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. அவர்கள் வெள்ளம் வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. சாதாரண நாளில் ஓடாத நெட்வொர்க், ஆபத்து நாளில் ஓடாது.

நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் 1878-லேயே தொழிற்பள்ளி தொடங்கினார். கைத்தொழில் கற்ற பிள்ளைகள் ஊருக்கே பலம் என்பதை அன்றே உணர்ந்த மண் அது. அன்று உளியும் சுத்தியலும் பழகினார்கள். இன்று அதோடு ரூட்டரையும் பழகினால், அடுத்த பெருமழையில் 'அம்மா மாடியில்தான் இருக்கா, நல்லா இருக்கா' என்ற ஒரு வரி பக்கத்துத் தெருவுக்காவது போய்ச் சேரும்.