கொல்லங்கோட்டில் பிறந்த "மார்க் ஆண்டனி"
நடிகர் ரகுவரன் கதை

முதலமடை ஸ்டேஷனில் பாலக்காட்டுப் பக்கம் போகும் ரெயிலில் ஏறினால், அடுத்த ஸ்டேஷன் கொல்லங்கோடு. எதிர்ப்பக்கம் ஏறினால் மீனாட்சிபுரம், பிறகு பொள்ளாச்சி. அங்கிருந்து கோவை.

இந்தச் சின்ன லைனில் ஒரு முனையில் பிறந்து, மறு முனையில் வளர்ந்து, தமிழ்ப் பட உலகையே நடுங்க வைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் நடிகர் ரகுவரன்.

மாந்தோப்பு வேலைக்கும் கடை வேலைக்கும் இந்தப் பக்கம் வந்திருக்கும் நம்மவர்களில் பலருக்கு, "பாட்ஷா" படத்தின் மார்க் ஆண்டனி நம் பக்கத்து ஊர்க்காரர் என்பது தெரியாது. எம்.ஜி.ஆரின் பெற்றோர் ஊரான வடவன்னூரும் இங்கேதான் இருக்கிறது. அதைச் சொல்லாத ஆள் கிடையாது. ரகுவரனைச் சொல்வோர்தான் குறைவு.

கோவைக்குப் போனார்கள்

ரகுவரன் 1958-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 11-ந்தேதி கொல்லங்கோட்டில் பிறந்தார். வீட்டில் மூத்த பிள்ளை. தந்தை ஹோட்டல் தொழில் செய்தவர். தொழிலுக்காகக் குடும்பம் கோவைக்குக் குடிபெயர்ந்தது.

கோவை அரசு கலைக் கல்லூரியில் சரித்திரம் படிக்கச் சேர்ந்தார். படிப்பை முடிக்கவில்லை. மனம் நாடகத்திலும் சினிமாவிலும் இருந்தது. சென்னைக்குப் போய் அடையாறு திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் பயிற்சி பெற்றார். நாடகக் குழுவிலும் சேர்ந்து நடித்தார்.

வீட்டில் பேச்சு மலையாளம், படிப்பும் தெருவும் தமிழ். பாலக்காட்டு எல்லையில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் சினிமாவில் இது அவருக்கு நன்றாகவே கைகொடுத்தது. தமிழ், மலையாளம், தெலுங்கு என்று எங்கு கூப்பிட்டாலும் போய் நடித்தார்.

முதல் படமே விருதுப் படம்

1982-ல் வந்த "ஏழாவது மனிதன்" அவரது முதல் தமிழ்ப் படம். டைரக்டர் ஹரிஹரன். ரகுவரன்தான் கதாநாயகன். தொழிற்சாலையால் ஊர் கெடுவதை எதிர்த்து நிற்கும் இளைஞன் வேடம். பாரதியார் பாடல்களுக்கு எல்.வைத்தியநாதன் இசை அமைத்திருந்தார். சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது கிடைத்தது.

விருது கிடைத்ததே தவிர, வாய்ப்பு வரிசை கட்டி வந்து நிற்கவில்லை. 1983-ல் டைரக்டர் ஸ்ரீதரின் "ஒரு ஓடை நதியாகிறது" படத்தில் நடித்தார். அதன் பிறகும் கதாநாயகன் நாற்காலி அவருக்கு நிலைக்கவில்லை. நெடுநெடு உயரம், ஒல்லி உடம்பு, ஒரு மாதிரியான கனத்த குரல். மரத்தைச் சுற்றிப் பாட்டுப் பாடும் நாயகனுக்கு இது பொருந்தாது என்று பட உலகம் நினைத்திருக்க வேண்டும்.

1986-ல் விசுவின் "சம்சாரம் அது மின்சாரம்" வந்தது. மூத்த மகன் சிதம்பரமாக ரகுவரன். மாதச் சம்பளக்காரன். வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தில் பைசா கணக்குப் பார்ப்பவன். அந்தக் கணக்கில் பிறந்த சண்டை, வீட்டின் நடுவே கோடு போடும் வரை போகும்.

குமாஸ்தா குடும்பங்களில் இந்தப் படம் பட்ட இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ரகுவரன் அதில் அயோக்கியன் இல்லை. கத்தி எடுக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. கணக்குத்தான் கேட்டார். அதனால்தான் படம் பார்த்தவர்களுக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் வந்தது. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதை அந்தப் படம் பெற்றது.

டெலிவிஷனில் குடிகாரன்

அதே காலத்தில் டெலிவிஷனிலும் அவர் முகம் தெரிந்தது. எழுத்தாளர் சிவசங்கரியின் "ஒரு மனிதனின் கதை" நாவல் தூர்தர்ஷனில் தொடராக வந்தது. குடியால் வேலை, மானம், குடும்பம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இழக்கும் தியாகு என்பவனின் கதை. தியாகுவாக நடித்தவர் ரகுவரன்.

சினிமாக் குடிகாரன் என்றால் தள்ளாடுவான், தத்துவம் பேசுவான், ஒரு பாட்டும் பாடுவான். ரகுவரனின் தியாகு அப்படி இல்லை. நாளை முதல் குடிக்க மாட்டேன் என்று அவன் சொல்லும்போது உண்மையாகவே சொல்கிறான். பார்ப்பவர்களும் நம்பி விடுவார்கள். மறுபடி குடிப்பான். அதே நாவல் 1990-ல் "தியாகு" என்ற பெயரில் சினிமாவாகவும் வந்தது. அதிலும் அவரே நடித்தார்.

வில்லன் ஆனார்

1987-ல் பாசில் டைரக்ட் செய்த "பூவிழி வாசலிலே" அவரை வில்லனாக நிலைநிறுத்தியது. ரஜினிகாந்துடன் "ஊர்க்காவலன்", "மனிதன்", "ராஜா சின்ன ரோஜா" என்று தொடர்ந்து நடித்தார்.

1989-ல் ராம்கோபால் வர்மாவின் முதல் படமான தெலுங்கு "சிவா"வில் பவானி என்ற ரவுடி வேடம். தமிழில் "உதயம்" என்று வந்ததும் அந்தப் படம்தான். அதுவரை வில்லன் என்றால் உருட்டிய கண்ணும் உரத்த சிரிப்பும். பவானி சத்தம் போட மாட்டான். மெதுவாகப் பேசுவான். அந்த மெதுவுக்குத்தான் தியேட்டர் பயந்தது.

அடுத்த ஆண்டு இரண்டு படங்கள். கே.எஸ்.ரவிகுமாரின் முதல் படமான "புரியாத புதிர்" ஒன்று. சந்தேகப் பேயான கணவனாக, "ஐ நோ" என்ற இரண்டே சொல்லை விதவிதமான தொனியில் திரும்பத் திரும்பச் சொல்வார். இன்றும் மிமிக்ரி மேடைகளில் அது நடக்கிறது. மற்றொன்று மணிரத்னத்தின் "அஞ்சலி". மூளை வளர்ச்சி இல்லாத பெண் குழந்தையின் தந்தை. குழந்தை பிறந்தபோதே இறந்து விட்டது என்று மனைவியிடம் பொய் சொல்லி, அந்தப் பொய்யைத் தனியாகச் சுமக்கிறவர். ஒரே ஆண்டில் அந்தக் கணவனையும் இந்தத் தகப்பனையும் நடித்த ஆள் வேறு யார் இருக்கிறார் என்று யோசித்துப் பார்க்கலாம்.

1995 பொங்கலுக்கு "பாட்ஷா" வந்தது. மார்க் ஆண்டனி வேடத்தைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1999-ல் ஷங்கரின் "முதல்வன்" படத்தில் முதல்-மந்திரி அரங்கநாதன். டெலிவிஷன் பேட்டியில் நிருபரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். இந்தியில் இதே வேடத்தை அம்ரீஷ் பூரி செய்தார்.

மய்யழியை விட்டுப் போகாதவர்

தமிழ் ரசிகர்கள் அதிகம் பார்க்காத ஒரு படம் உண்டு. 1992-ல் லெனின் ராஜேந்திரன் டைரக்ட் செய்த மலையாளப் படம் "தைவத்தின்டெ விக்ருதிகள்". எம்.முகுந்தனின் நாவல். பிரெஞ்சுக்காரர்கள் மய்யழியை விட்டுக் கப்பல் ஏறிய பிறகும் போக மறுத்து அங்கேயே தங்கிவிடும் அல்போன்ஸ் என்ற மந்திரவாதி வேடம் ரகுவரனுக்கு. மனைவியாக ஸ்ரீவித்யா.

பிழைப்பு போகிறது, மதிப்பு போகிறது, வித்தை பார்க்க ஆள் இல்லை. ஆனாலும் ஊரை விட்டுக் கிளம்ப மாட்டார். ஊரை விட்டு வந்து வேறு ராஜ்யத்தில் பிழைப்பவர்கள் இந்தப் படத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். மலையாளம் அரைகுறையாகத் தெரிந்தாலும் போதும். வில்லன் வேடத்துக்கே அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்ட தமிழ்ப் பட உலகம், இப்படி ஒரு வேடத்தை அவருக்கு எத்தனை முறை கொடுத்தது என்று எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

விடாத பழக்கம்

1996-ல் நடிகை ரோகிணியைத் திருமணம் செய்து கொண்டார். ஒரு மகன் பிறந்தான். 2004-ல் இருவரும் பிரிந்தார்கள்.

தியாகுவாக நடித்தவரை மதுப் பழக்கம் சொந்த வாழ்க்கையிலும் பிடித்துக் கொண்டது. ரோகிணியே பிற்காலப் பேட்டிகளில் இதை மறைக்காமல் பேசியிருக்கிறார். நாவலைப் படித்து, வசனத்தைப் பேசி, அந்த மனிதன் எங்கே போய் நிற்பான் என்பதைக் காமிரா முன் நடித்துக் காட்டியவர் அவர். தெரியாமல் விழுந்தார் என்று சொல்வதற்கு இல்லை. தெரிந்தால் மட்டும் விட்டு விட முடியும் என்றால், சம்பள நாளன்று கடை வாசலில் அத்தனை கூட்டம் ஏன்?

2007-ல் "சிவாஜி" படத்தில் டாக்டராகச் சிறு வேடம். 2008-ம் ஆண்டு மார்ச் 19-ந்தேதி சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 49.

இரண்டு வாரம் கழித்து "யாரடி நீ மோகினி" வெளியானது. தனுசின் தந்தையாக நடித்திருந்தார். கதைப்படி பாதிப் படத்தில் அந்தத் தந்தை இறந்து போவார். செய்தி படித்துவிட்டுத் தியேட்டருக்குப் போனவர்கள் அந்தக் காட்சியில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ரகுவரன் பாட்டும் கட்டுவார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் இசை அமைத்து வைத்திருந்த பாடல்களை 2018-ல் ரோகிணி ஆல்பமாகக் கொண்டு வந்தார். வெளியிட்டவர், மார்க் ஆண்டனியிடம் மோதிய ரஜினிகாந்த்.