கூரை திருத்த வரும் வாலிபர்கள்

அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்தால் திருச்சபை வாலிபர் சங்கங்கள் ஊழியப் பயணம் புறப்பட்டுவிடும். பிரசங்கம் பண்ணத்தானே என்று நினைப்போம். எல்லாரும் அப்படியில்லை.

அப்பலாச்சியா என்பது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மலைநாடு. வறுமையும் அதிகம். 1969இல் மெதடிஸ்த போதகர் டெக்ஸ் எவன்ஸ் அங்கே, கென்டக்கி மாநிலத்துப் பார்பர்வில்லில், 50 பேரைக் கூட்டிவந்து 4 குடும்பங்களின் வீடுகளைத் திருத்தினார். அப்பலாச்சியா சேவைத் திட்டம் அப்படித்தான் தொடங்கியது.

இன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கிழமை தங்கி ஒழுகுற கூரையைச் சரிபண்ணுகிறார்கள், இத்துப்போன பலகையை மாற்றுகிறார்கள். வீட்டுக்காரருக்குச் செலவில்லை. பயணக் காசையும் பிள்ளைகளே சேர்த்துக்கொண்டு வரவேண்டும்.

சுத்தியலே பிடிக்காத கைகள், ஒரு கிழமையில் எவ்வளவு முடியும்? மிச்சத்தை அடுத்த கிழமை வரும் குழு விட்ட இடத்திலிருந்து செய்யும். எமக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தகரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனால் மழையில் நனைவது வீட்டுப் பிள்ளைகள்தானே. நம்ம லயத்துக்கு இப்படியொரு குழு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, மிச்ச வேலைய யாரு முடிப்பாங்க என்பதைத்தான்.