பீடத்திலிருந்து படலை வரை



ஞாயிறு திருப்பலியின் இறுதியில் குருவானவர் நம்மை ஆசீர்வதித்து அனுப்பிவைக்கிறார். அத்துடன் வழிபாடு நிறைவுற்றதென எண்ணி வீடு திரும்புகிறோம். ஆனால், இலத்தீன் மொழியில் திருப்பலிக்கு வழங்கும் 'மிஸ்ஸா' என்னும் பெயரே அனுப்பிவைத்தலிலிருந்து பிறந்ததாகும். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில், நம் உடல்களே இறைவனுக்கு உகந்த பலியாக வேண்டுமெனப் புனித பவுல் போதிக்கிறார். உழைக்கும் கையும் நடக்கும் காலும் பேசும் நாவும் அப்பலியில் அடங்கும்.

இதனை நம் மண்ணில் வாழ்ந்து காட்டியவர் புனித யோசப் வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் அவர் மாறுவேடத்தில் இலங்கை வந்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினராலும் கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று, மதபேதமின்றிப் பராமரித்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். பீடத்தில் தாம் கையேந்திய கிறிஸ்துவையே அவர்களிடத்தும் கண்டார்.

நாம் அத்துணை தூரம் செல்ல வேண்டியதில்லை. வேலி எல்லைக்காகப் பல ஆண்டுகள் நாம் முகம்பாராதிருக்கும் உடன்பிறப்பு அடுத்த வளவிலேயே இருக்கலாம். காணிக்கையைப் பீடத்தின்முன் விட்டுவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி பணித்தவர் நம் ஆண்டவரே (மத்தேயு 5:23-24). நற்கருணை உட்கொண்ட நாவு அந்தச் சகோதரனின் பெயரைச் சொல்லி அழைக்க மறுக்குமாயின், நாம் ஒப்புக்கொடுத்த பலியின் பயன் என்ன?

ஆகவே, இந்த ஞாயிறு ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில் அந்தப் படலையைத் திறந்து உள்ளே செல்வோம். அதுவும் வழிபாடே. அதற்கான துணிவை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.