நேர்வழிக்கு அபராதம், சுற்றுவழிக்குச் சலுகை!

செய்யூரில் பஸ் ஏறும் எவருக்கும் தெரிந்த நியாயம் ஒன்று உண்டு. தூரம் கூடினால் காசு கூடும். தூரம் குறைந்தால் காசு குறையும். மதுராந்தகத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்தால் கண்டக்டர் புது டிக்கெட் கிழிப்பார். செலவு சற்றுக் கூடுமே தவிரக் குறையாது. 2018ஆம் ஆண்டு பஸ் கட்டணத்தை ஏற்றியபோது மக்கள் கொதித்தெழுந்தார்களே, அந்தச் சண்டையும் கிலோமீட்டர்க் கணக்கின் மேல்தான் நடந்தது. சாதாரணப் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 60 காசு என்றார்கள். எதிர்ப்பைக் கண்டு 58 காசுக்கு இறங்கினார்கள். காசு அதிகம் என்று முழங்கினோம். தூரத்தை அளந்து காசு வாங்குவதே தவறென்று எவரும் சொல்லவில்லை.

அதே செய்யூர்க்காரர், சிங்கப்பூரில் வேலை கிடைத்து, மீனம்பாக்கத்திலிருந்து விமானம் ஏறப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்வழி சுமார் 2,900 கிலோமீட்டர்; நாலேகால் மணி நேரப் பயணம். கொழும்பில் இறங்கி மாறிப் போனால் சுமார் 3,400 கிலோமீட்டர். காத்திருக்கும் நேரம் தனி. ஐந்நூறு கிலோமீட்டர் அதிகம் சுமந்து செல்லும் விமானம் பல நாட்களில் குறைந்த கட்டணம் கேட்கிறது! நேரே கொண்டுபோய் இறக்கும் விமானம் கூடுதலாகக் கேட்கிறது. கண்டக்டரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்.

சுற்றிப் போவதில் கம்பெனிக்குச் செலவு மிச்சமோ என்று கேட்கலாம். இல்லை. விமானம் எரிபொருளை அதிகமாக விழுங்குவது மேலே எழும்பும் நேரத்தில்தான். மாறிப் போகும் பயணத்தில் அது இரண்டு முறை. இறங்கு கட்டணம் இரண்டு முறை. மூட்டை முடிச்சுகளை ஏற்றி இறக்குவதும் இரண்டு முறை. செலவு அதிகம், விலை குறைவு! என்ன தர்மம் இது?

தர்மம் அல்ல, வியாபாரம். அதன் சூட்சுமத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

பத்து ஊர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒன்பதுக்கும் நேர்த்தடம் போட்டால் 45 தடங்கள் வேண்டும். ஓர் ஊரை நடுவில் வைத்து எல்லோரையும் அங்கே வரவழைத்து மாற்றிவிட்டால் ஒன்பதே தடங்கள் போதும். சுற்றுக் கிராமத்து மக்கள் மதுராந்தகத்தில் கூடிப் பிரிவதைப் போல, உலகப் பயணிகள் துபாயிலும் தோகாவிலும் கூடிப் பிரிகிறார்கள். சென்னையிலிருந்து துபாய் போகும் விமானத்தில் லண்டன் போகிறவர், நைரோபி போகிறவர், நியூயார்க் போகிறவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். ஓர் ஊருக்கு மட்டும் பயணிகளைத் தேடினால் பாதி விமானம் காலியாகும். ஐம்பது ஊருக்குத் தேடினால் நிரம்பிவிடும். அமெரிக்காவில் 1978 வரை விமானக் கட்டணத்தைச் சர்க்கார் வாரியமே நிர்ணயித்தது. அந்தக் கட்டு அவிழ்ந்த பிறகுதான் அட்லாண்டா, டல்லஸ் போன்ற நடுநிலையங்கள் அங்கே இவ்வளவு பெருத்தன.

இன்னொன்று. சந்தையில் விற்காத கத்தரிக்காயை மறுநாள் வாடலாகவாவது தள்ளிவிடலாம். கதவு சாத்திய விமானத்தின் காலி இருக்கையை எவனிடம் விற்பது? ஆகவே அதை நிரப்ப எந்த விலைக்கும் இறங்கி வருகிறார்கள். சுற்றுவழிக் கம்பெனிக்கோ நேர்வழிக்காரனிடமிருந்து ஆளை இழுத்தாக வேண்டும். “ஆறு மணி நேரம் காத்திருக்கிறாயா? இந்தா சலுகை!” என்கிறது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. கம்பெனி “எவ்வளவு தூரம்?” என்று கேட்பதில்லை, “உனக்கு எவ்வளவு அவசரம்?” என்று கேட்கிறது. காலையில் பேரம் பேசி மாலையில் திரும்பும் பெரிய அதிகாரிக்கு அவசரம். அவர் டிக்கெட்டுக்கு அவருடைய நிறுவனம் பணம் கட்டுகிறது. கேட்ட விலை கிடைக்கும். கட்டடச் சாரத்தில் ஏறி நிற்கப் போகும் தொழிலாளிக்கு அவசரம் இல்லையா? இருக்கிறது, பையில் காசு இல்லை! அதனால் அவர் இரவெல்லாம் அந்நிய விமான நிலையத்தில் பையைத் தலையணையாக்கிக் கிடக்கிறார். சீமானின் ஒரு மணி நேரத்துக்கு விலைச்சீட்டு உண்டு. பாட்டாளியின் ஓர் இரவுக்கு இல்லை. அவருக்குக் கிடைக்கும் சலுகை, அவர் தூக்கத்தை விற்று வாங்கியது.

இந்த விலைக்கும் தூரத்துக்கும் உறவில்லை என்பதற்கு ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்கே போதும். 2016இல் ஒருவர் நார்வேயின் ஓஸ்லோவிலிருந்து, பிராங்க்பர்ட் வழியாக அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் போய்வர லுப்தான்சாவில் டிக்கெட் வாங்கினார். திரும்பும்போது பிராங்க்பர்ட்டிலேயே இறங்கிக்கொண்டார், ஓஸ்லோவுக்குப் போகவில்லை. வாங்கிய பயணத்தில் ஒரு துண்டை வேண்டாமென்று விட்டதற்காக அவரிடம் 2,112 யூரோ கூடுதலாகக் கேட்டு வழக்குப் போட்டது கம்பெனி! 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டுப் பாயசத்தை வைத்துவிட்டு எழுந்தவனிடம் அபராதம் கேட்ட கதைதான்.

நேர்வழி எப்போதும் விலை உயர்ந்தே இருக்குமா? இல்லை, அதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். சென்னை–சிங்கப்பூர் தடத்தில் நேரே பறக்கும் கம்பெனிகள் பல. அதனால் வித்தியாசம் குறுகுகிறது, சில நாட்களில் நேர்வழியே மலிவாகவும் அமைகிறது. சென்னை–லண்டன் தடத்தில் நேரே பறப்பவை அருமை. விலை ஏறி நிற்கிறது. போட்டி இருந்தால் நேர்வழி இறங்கும், இல்லையேல் ஏறும். அந்தப் போட்டியை யார் அளந்து கொடுக்கிறார்கள்?

டெல்லி! எந்த நாட்டு விமானம் நம் எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை இருக்கைகளோடு வரலாம் என்பதை நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்கள் வரையறுக்கின்றன. துபாய்க்கு 2014இல் வகுத்த அளவு, இரு தரப்புக் கம்பெனிகளுக்கும் வாரத்துக்குத் தலா 65,000 இருக்கைகளும் சொச்சமும். மதுரையை இத்தகைய ஒப்பந்தங்களில் சேருங்கள் என்று தென்மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். செய்யூர்க்காரருக்கு மீனம்பாக்கமாவது அருகில் இருக்கிறது. இராமநாதபுரத்துக்காரர் மதுரையைத் தாண்டி, திருச்சிக்கோ சென்னைக்கோ வந்து, அப்புறம் கொழும்பு சுற்ற வேண்டுமா?

அந்நியக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்தால் நம் கம்பெனிகளின் நேர்வழி விமானங்கள் நசிந்துவிடும் என்பது டெல்லி சொல்லும் சமாதானம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ‘நம் கம்பெனி’ எது? 1953இல் சட்டம் போட்டு நாட்டுடைமையாக்கினார்கள். 1994இல் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். 2022 ஜனவரியில் 18,000 கோடி ரூபாய் மதிப்பிட்டு ஏர் இந்தியாவை டாட்டாவிடம் ஒப்படைத்தார்கள். அந்த 18,000 கோடியில் ரொக்கம் 2,700 கோடிதான்; மீதி கடன் பொறுப்பு. மக்கள் சொத்தாக இருந்தபோது பாதுகாத்ததற்குப் பொருள் உண்டு. தனியார் கைக்குப் போனபின், அதன் லாபத்துக்காகத் தொழிலாளி ஏன் இரவெல்லாம் காத்திருக்க வேண்டும்?

கட்டணத்தில் சர்க்கார் தலையிட முடியாது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். 2020 மே முதல் 2022 ஆகஸ்டு வரை உள்நாட்டு விமானக் கட்டணத்துக்கு டெல்லியே வரம்பு கட்டியது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகிப் பயணிகள் தவித்தபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், ஆயிரம் வரை 12,000, ஆயிரத்து ஐந்நூறு வரை 15,000, அதற்கு மேல் 18,000 என்று உச்சவரம்பு விதித்தது. பார்த்தீர்களா? நம் பஸ் கண்டக்டர் பிடிக்கும் அதே கிலோமீட்டர்க் கோல்! அந்தக் கோலை எந்த அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள், வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் தமிழனுக்காக அதை எப்போது எடுப்பீர்கள் என்று நம் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் கேட்கட்டும். மதுரையின் பெயரையும் மறுபடி சொல்லிக் கேட்கட்டும்.