வகுத்தால் குறையும் செலவு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

விமானம் ஓட்டுவது செல்வர்க்கே உரியது என்பது நம் எண்ணம். அமெரிக்காவிலோ சம்பளக்காரர் பலர் கூட்டாகச் சேர்ந்து சிறு விமானம் வைத்திருக்கின்றனர். அது எப்படி இயலும்?

கற்கும் செலவை எவரும் பங்கிட முடியாது. அந்நாட்டில் தனியார் விமானி உரிமம் பெறப் பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 20 மணி ஆசிரியருடன், 10 மணி தனியாக. பெரும்பாலோர்க்கு இதைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

விமானம் வைத்திருக்கும் செலவு இரு வகை. கொட்டகை வாடகை, இன்ஷூரன்ஸ், ஆண்டுச் சோதனை ஆகியவை பறக்காவிட்டாலும் உண்டு. பெட்ரோலும் எஞ்சின் தேய்மானமும் பறந்தால்தான் உண்டு. நான்கு இருக்கை செஸ்னா 172 மணிக்குச் சுமார் 30 லிட்டருக்கு மேல் குடிக்கும். எஞ்சினைச் சுமார் 2000 மணிக்கொருமுறை பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். நால்வர் சேர்ந்தால் முதல் வகை கால் பங்காகும். இரண்டாம் வகை குறையாது.

எங்கள் ஊர்க் கிணற்றிலும் இதே கணக்குத்தான். தூர் வாரும் செலவு பொது. அவரவர் முறைக்கு ஆகும் டீசல் அவரவர் பாடு. முறையும் கணக்கும் எழுத்தில் இல்லாவிட்டால் கிணற்றிலும் வழக்கு, விமானத்திலும் வழக்கு. யாருக்கு எந்த நாள், சேதத்திற்கு யார் பொறுப்பு, பங்கை விற்பது எப்படி என்பவற்றை முன்பே எழுதிக்கொள்வது நலம்.

என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "அது நமக்கில்லை" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவன். பகிர்ந்தாலும் பறப்பது மலிவல்ல. எனினும், நண்பர்களே, வகுத்துப் பார்க்கும் முன் அச்சொல்லை ஏற்க வேண்டாம்!