அட்டை வாங்கி ஏமாந்தால் முதல் வேலை 1930

இன்ஸ்டாகிராமில் போகிமான் அட்டை வாங்கப்போய் ஏமாறுகிறவர்கள், அதன்பிறகு செய்கிற காரியங்களைப் பார்த்தால் பதறுகிறது. விற்றவரைக் கண்டபடி திட்டி மெசேஜ் போடுகிறார்கள். அவர் பிளாக் செய்ததும் ஆத்திரத்தில் மொத்த சாட்டையும் அழித்துவிடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளோ அப்பாவுக்குப் பயந்து நாள்கணக்கில் வாயே திறப்பதில்லை. அதற்குள் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறி ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே 1930-க்குப் போன் போடுங்கள். மத்திய அரசின் இணையக் குற்ற உதவி எண் இது. பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் கொடுத்து, அங்கே மிச்சம் இருக்கும் தொகையை நிறுத்திவைக்கச் செய்வதுதான் இதன் வேலை. பணத்தை எடுத்துவிட்டால் நிறுத்துவதற்கு ஒன்றும் இருக்காது. பேசும்போது கையில் இருக்க வேண்டியவை: ஜிபே, போன்பே ரசீதில் இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண், தேதி, நேரம், தொகை, உங்கள் வங்கிக் கணக்கு எண், பணம் பெற்றவரின் யுபிஐ முகவரி. பதிவு எண் ஒன்று தருவார்கள். அன்றைக்கே சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்துக்குப் போய் ஆதாரங்களை ஏற்றிப் புகாரை முழுமையாக்குங்கள். போனோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

ஆதாரத்துக்கு விற்றவரின் பெயர் மட்டும் போதாது, அதை நொடியில் மாற்றிவிடலாம். புரொஃபைலின் இணைப்பையும் நகலெடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வழக்கு முடியும்வரை அந்தப் போனை விற்காதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தேவைப்படும். மூலமே கையில் இல்லாவிட்டால் அது சிக்கல்.

வங்கி பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்க வேண்டாம். 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் இழப்பு உங்களுடையதல்ல என்ற ரிசர்வ் வங்கியின் 2017 உத்தரவு, உங்களுக்குத் தெரியாமல் போன பணத்துக்கானது. நீங்களே பின் போட்டு அனுப்பியது அதில் சேராது. வங்கியிலும் எழுத்துமூலம் புகார் கொடுத்து எண் வாங்குங்கள், ஆனால் 1930-க்குப் பிறகு.

அடுத்தது காவல்துறை. “ஒரு அட்டைக்கா இவ்வளவு பணம்?” என்று சிரிக்கும் அதிகாரிகள் இன்னமும் இருக்கிறார்கள். பொருள் எதுவாக இருந்தால் என்ன? மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் குற்றம். இன்னொருவர் போல நடித்து இணையத்தில் ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி-யும் சேரும். சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள், எஃப்ஐஆர் கேளுங்கள். ‘எங்கள் எல்லையில் நடக்கவில்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

பணம் முடக்கப்பட்டதாகத் தகவல் வந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள் சிலர். முடக்கிய பணம் தானாகத் திரும்பிவிடும் என்று இருக்காதீர்கள். எந்த வங்கியில் எவ்வளவு நிற்கிறது என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டு வாங்கி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருக்கலாம்.

கடையிலோ விற்பனைத் தளத்திலோ வாங்கியிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, அதன்பிறகு மாவட்ட ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். தன் சேகரிப்பிலிருந்து ஓர் அட்டையை விற்ற தனிநபர் மீது இந்த வழி எடுபடுவது கடினம். மறுவிற்பனைக்கு வாங்கியவரும் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார்.

வாங்கும் முன் ஒரு சோதனை. பிஎஸ்ஏ தரச்சான்று பெற்ற அட்டை என்றால், பிளாஸ்டிக் உறையின் சீட்டில் உள்ள எண்ணை அந்நிறுவனத் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சரியாக வந்தாலும் நம்பிவிடாதீர்கள். உண்மையான அட்டையின் எண்ணை நகலெடுத்துப் போலி உறையில் அச்சிடுகிறார்கள். தளத்தில் படம் இருந்தால் ஓரங்களையும் மூலைகளையும் ஒப்பிடுங்கள். அன்றைய தேதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து வீடியோ கேளுங்கள். உறையில்லாத அட்டையைப் பக்கவாட்டில் பார்த்தால், அசலில் பெரும்பாலும் இரு தாள்களுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். பார்சல் வந்ததும் ஒட்டுப் பிரிக்கும் முன்பிருந்தே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை வந்து சொன்னால் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் 1930.

புகார் கொடுத்த சில நாட்களில் ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் கட்டுங்கள்’ என்று யாராவது அழைக்கலாம். அதுவும் மோசடி. 1930-க்கும் இணையதளப் புகாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது.